கடலடியைக் கூடி வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலின் தரையை அளந்து வரைபடமாக்கும் வேலை இப்போது கடற்படையோடும் ஆய்வுக் கப்பலோடும் நிற்பதில்லை. சரக்குக் கப்பல், மீன்பிடிப் படகு, பாய்மரப் படகில் ஊர் சுற்றுகிறவர் என்று யார் வேண்டுமானாலும் போகிற வழியில் கிடைக்கும் ஆழ அளவைக் கொடுக்கலாம். 2030-க்குள் கடலடி முழுவதையும் வரைந்துவிட நினைக்கும் சீபெட் 2030 என்ற உலகத் திட்டம் இதையெல்லாம் ஒன்றுசேர்க்கிறது. இதைப் பற்றிக் கல்லூரியில் பேசினாலும் சரி, மீன் இறங்குதளத்தில் நின்று பேசினாலும் சரி, வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசைதான் மாறும். கல்லூரியில் முதலில் கூகுளைப் பற்றிக் கேட்பார்கள். இறங்குதளத்தில் முதலில் "எங்க பாரைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா?" என்பார்கள். பார் என்றால் மீன் அண்டும் கடலடி மேடு. இரண்டுக்கும் பதில் கீழே இருக்கிறது.

கூகுள் வரைபடத்தில் கடலடி மலையும் பள்ளமுமாகத் தெரிகிறதே, இனி வரைய என்ன இருக்கிறது?

அதில் பெரும்பகுதி ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் அளந்து போட்டதல்ல. செயற்கைக்கோளால் ஆழக்கடலுக்குள் பார்க்க முடியாது. அது கடல் மேற்பரப்பின் உயரத்தை அளக்கிறது. கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மலைக்கு மேலே கடல் ஓரிரு மீட்டர் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைப் பார்த்து, கீழே மலை இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். வால்டர் ஸ்மித், டேவிட் சாண்ட்வெல் என்ற இருவர் கப்பல் அளவுகளோடு இதைச் சேர்த்து 1997-ல் உலகக் கடல்களுக்கே வரைபடம் போட்டார்கள். பெரிய சாதனை அது. ஆனால் சில கிலோமீட்டருக்குக் குறைவான மேடு பள்ளம் இந்த முறையில் சிக்காது.

2009 பிப்ரவரியில் கூகுள் எர்த் கடலடியைக் காட்டத் தொடங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கின் அடியில் தெருத்தெருவாகக் கோடுகள் தெரிவதை ஒருவர் பார்த்துவிட்டார். மூழ்கிப்போன அட்லாண்டிஸ் நகரம் கிடைத்துவிட்டது என்று பிரிட்டனில் செய்தி பறந்தது. கூகுள் சொன்ன விளக்கம் சப்பென்று இருந்தது: கப்பல்கள் ஒலியால் ஆழம் அளந்துகொண்டே போன தடங்கள் அவை. தடத்தின் மேல் இருப்பது அளவு, தடத்துக்கு வெளியே இருப்பது ஊகம், இரண்டும் ஒட்டாத இடம் தெருவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அட்லாண்டிஸை விட அந்தத் தெருக்களைத்தான் பிடிக்கும். எவ்வளவு கொஞ்சம் அளந்திருக்கிறோம் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டியதில்லை.

ஊகத்தை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2005 ஜனவரி 8 அன்று சான் பிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கி, குவாம் தீவுக்குத் தென்கிழக்கே முழு வேகத்தில் ஒரு கடலடி மலையில் மோதியது. மாலுமி ஒருவர் இறந்தார். அவர்கள் பார்த்துக்கொண்டு போன வரைபடத்தில் அந்த மலை இல்லை.

சரி, உண்மையில் எவ்வளவு அளந்திருக்கிறோம்?

2025 ஜூன் கணக்குப்படி உலகக் கடலடியில் 27.3 சதவீதம். 2017-ல் திட்டத்தை அறிவித்தபோது இது 6 சதவீதம்தான்.

"அளந்தது" என்ற சொல்லையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். திட்டக்காரர்கள் கடலடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். 1500 மீட்டர் ஆழம் வரை 100 மீட்டர் சதுரம், 3000 வரை 200 மீட்டர், 5750 வரை 400 மீட்டர், அதற்கும் கீழே 800 மீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஒரே ஓர் அளவு விழுந்திருந்தாலும் அது அளந்த கட்டம். 100 மீட்டர் சதுரம் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதற்குள் ஒரு மூழ்கிய விசைப்படகு கிடந்தாலும் படத்தில் தெரியாது. ஆகவே 27.3 என்பதும் கொஞ்சம் தாராளமான கணக்குதான்.

6 சதவீதம் எப்படி அவ்வளவு வேகமாக ஏறியது?

2019-ல் அது 15 ஆகிவிட்டது. புதிதாகக் கப்பல் விட்டு அளந்ததால் அல்ல. பெரும்பகுதி ஏற்கெனவே யாரோ அளந்து, எங்கோ கணினியில் தூங்கிக்கொண்டிருந்த தரவு. எண்ணெய் தேடிய நிறுவனம், கேபிள் போட்ட நிறுவனம், பல்கலைக்கழகம், கடற்படை என்று ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்கு அளந்திருந்தார்கள். "அதைக் கொடுங்களேன்" என்று முறையாகப் போய்க் கேட்டதுதான் புதுசு.

ஒரு நல்ல உதாரணம், காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370. தேடலுக்கு முன்னால் தென் இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதிக்கு இருந்ததெல்லாம் செயற்கைக்கோள் ஊகம். விமானத்தைத் தேட முதலில் கடலடியை வரைய வேண்டியிருந்தது. ஏறக்குறைய 2,79,000 சதுர கிலோமீட்டருக்குப் படம் எடுத்தார்கள். விமானம் கிடைக்கவில்லை, படத்தை 2017-ல் ஆஸ்திரேலியா எல்லாருக்கும் திறந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஃபுக்ரோ போன்ற அளவை நிறுவனங்கள், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குப் போகும் வழியில் கருவியை அணைக்காமல் ஓடவிட்டு, அந்த அளவைக் கொடுக்கின்றன. எப்படியும் எரிபொருள் செலவழித்துப் போகிற வழிதானே.

அதற்கப்புறம் வேகம் குறைந்தது. 2020-ல் 19, பிறகு 20.6, 23.4, 24.9, 26.1, 27.3. எளிதில் கைக்கு எட்டியதெல்லாம் முதலில் வந்துவிட்டது.

இதை நடத்துவது யார்?

ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் ஜெப்கோவும். ஜெப்கோ இன்று நேற்று வந்ததல்ல. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1903-ல் தொடங்கி வைத்த உலகக் கடல் ஆழ வரைபடம் அது. இப்போது சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பும் யுனெஸ்கோவின் பெருங்கடலியல் ஆணையமும் சேர்ந்து அதைக் கவனிக்கின்றன. தரவை ஒன்றுசேர்க்க ஜெர்மனி, நியூசிலாந்து, அமெரிக்கா, சுவீடன் ஆகிய நாடுகளில் வட்டார மையங்கள் உண்டு. எல்லாம் கடைசியில் பிரிட்டனில் உள்ள உலக மையத்துக்கு வரும். வெளியாகும் படம் இலவசம்.

பெரிய கப்பல்கள் மல்டிபீம் வைத்து அளக்கும்போது சின்னப் படகு எதற்கு?

இங்கேதான் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆழக்கடலை அளப்பது கஷ்டம், கரையோரம் சுலபம் என்று. உண்மை வேறு.

மல்டிபீம் கருவி கப்பலுக்கு அடியிலிருந்து விசிறி மாதிரி நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை அனுப்புகிறது. விசிறி எவ்வளவு அகலம் விரியும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 4000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பட்டை கிடைத்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் கிடைப்பது 30, 40 மீட்டர்தான். வயலை உழுவது போல சால் சாலாகப் போய்வர வேண்டும். பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. அங்கே பெரிய கப்பல் வந்து சாலடிப்பது ஆகிற காரியமில்லை, பல இடங்களில் உள்ளே வரவே முடியாது.

ஆனால் அதே இடத்தில் தினமும் நூற்றுக்கணக்கான படகுகள் போய் வருகின்றன.

ஆழம் குறைந்த இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியும் ஒன்று உண்டு. தெளிந்த தண்ணீரில் ஒளி தரைவரை போய்த் திரும்பும், அதை வைத்து இருபது, முப்பது மீட்டர் வரை ஆழம் கணிக்கலாம். 2018-ல் நாசா அனுப்பிய ஐஸ்சாட்-2 பச்சை நிற லேசரை அனுப்புகிறது. பனிப்பாறையை அளக்கப் போனது, ஆழம் குறைந்த கடலுக்கும் உதவியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் 29 கிலோமீட்டர் மணல்திட்டுத் தொடரை, அதாவது ராமர் பாலத்தை, இந்தத் தரவைக் கொண்டு இஸ்ரோ விஞ்ஞானிகள் வரைந்து 2024-ல் வெளியிட்டார்கள். லட்சத்தீவு மாதிரித் தெளிந்த கடலுக்கு இந்த வழி ஏற்றது. ஆற்று முகத்துவாரத்துக் கலங்கலில் செயற்கைக்கோள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும். அங்கே படகுதான்.

படகில் இருக்கிற ஃபிஷ் ஃபைண்டர் போதுமா?

தாராளமாகப் போதும். எக்கோ சவுண்டரோ ஃபிஷ் ஃபைண்டரோ, கூடவே ஒரு ஜிபிஎஸ்.

கணக்கு எளியது. படகின் அடியில் உள்ள டிரான்ஸ்டியூசர் ஓர் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். தரையில் பட்டு எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 60 மீட்டர், ஆழம் 30 மீட்டர். முன்பு இதற்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு. நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகத்தில் சொல்வது அந்தக் கயிற்றின் மிச்சம்: கையை விரித்துக் கயிறு அளந்தால் ஒரு பாகம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் அவ்வளவு பயணத்திலும் ஆழக்கடலில் அளந்தது 500 இடத்துக்கும் குறைவு. உங்கள் கருவி நொடிக்கு ஒன்று வீதம் அளந்தால் அதே எண்ணிக்கையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

மூன்று திருத்தம் மட்டும் தேவை. முதலாவது, டிரான்ஸ்டியூசர் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது. அது ஒரு மீட்டர் கீழே இருந்தால் 30 என்பது 31. இதை ஒருமுறை அளந்து எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டாவது, ஓதம். தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும், குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர். நேரம் சரியாகப் பதிவானால் ஓதக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது, ஒலியின் வேகம். தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறினால் அதுவும் மாறும். ஆழம் குறைந்த இடத்தில் இதனால் வரும் பிழை சிறியது, தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு செய்து அனுப்புவது எப்படி?

படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள என்எம்இஏ என்று ஒரு பொதுமொழி இருக்கிறது. சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் அந்த மொழியில் வரிவரியாக எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். லாகர் என்ற சின்னப் பெட்டி அந்த வயரில் மாட்டிக்கொண்டு நேரம், இடம், ஆழம் மூன்றையும் மெமரி கார்டில் எழுதிக்கொள்ளும். புது மாடல் சார்ட் பிளாட்டர்களில், அதாவது கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரைகளில், பெட்டியே தேவையில்லை, அதுவே சேமிக்கும்.

கார்டில் உள்ளதை நேரே உலக மையத்துக்கு அனுப்ப முடியாது. இடையில் ஒரு நம்பகமான அமைப்பு வேண்டும். அது பல படகுகளிடமிருந்து வாங்கி, வடிவத்தைச் சரிசெய்து, அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள சர்வதேசத் தரவு மையத்துக்கு அனுப்பும். முதலில் இப்படி இணைந்தது ரோஸ் பாயின்ட் என்ற மென்பொருள் நிறுவனம்: அவர்களுடைய வழிகாட்டி மென்பொருளில் ஓர் இடத்தில் சம்மதம் என்று தட்டினால் ஆழப் பதிவு போய்ச் சேரும். படகின் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்றால் வெறும் ஓர் எண்ணை வைத்தே கொடுக்கலாம்.

தப்பான அளவு கலந்துவிடாதா?

கலக்கும். அடர்ந்த மீன் கூட்டத்தைத் தரை என்று நினைத்துக்கொள்ளும் சவுண்டர் உண்டு. பின்னோக்கி எஞ்சின் போட்டால் நுரைக்குமிழி மறைக்கும். எதிரொலி இரண்டு முறை மோதித் திரும்பினால் ஆழம் இரட்டிப்பாகத் தெரியும். இதையெல்லாம் விட அதிகத் தொல்லை அலகுதான். கருவி அடிக்கணக்கில் காட்டும், எழுதுகிறவர் மீட்டர் என்று எழுதுவார். பாகத்தில் வைத்துவிட்டு மறந்தவரும் உண்டு.

தப்பு எப்படிப் பிடிபடுகிறது என்றால், ஒரே இடத்தில் பல படகுகள் போவதால். பத்துப் படகு 22 மீட்டர் என்னும்போது ஒன்று மட்டும் 72 என்றால் அது 22-ஐ அடியில் எழுதிய படகு. ஒருவர் மட்டுமே போன இடத்தில் இந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் ஜெப்கோ வரைபடத்தோடு இன்னொரு படமும் தருகிறார்கள்: எந்தக் கட்டம் மல்டிபீமில் வந்தது, எது ஒற்றை அளவு, எது ஊகம் என்று காட்டும் படம். ஆழப் படத்தை எடுக்கிறவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எங்கள் பாரை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுப்பதா?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: கடலடியில் பாறையோ பவளமோ மேடாகக் கிடந்து மீன் அண்டும் இடத்துக்குப் பார் என்று பெயர். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குமரிக் கரையில் கணியம் பார்ப்பது என்பார்கள். கரையில் ஒரு மாதாகோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். அப்பன் மகனுக்குச் சொல்வான், பக்கத்துப் படகுக்குச் சொல்ல மாட்டான். ஆக, இந்தக் கரையில் கடலடி வரைபடம் இல்லாமல் இல்லை. காகிதத்தில்தான் இல்லை.

அதைக் காகிதத்துக்குக் கொண்டுபோனவர்கள் முன்பும் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் தொலையிரம் பார், மன்னார்ப் பக்கம் செவல் பார், பெரிய பார், மோதரகம் பார். இவையெல்லாம் முத்துக் குளித்த இடங்கள். பிரிட்டிஷ் விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன் 1902-ல் இலங்கைக்கு வந்து அந்தப் பக்கத்துப் பார்களை ஆராய்ந்தார். லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதியாக வெளியிட்டது. பார் என்ற நம் சொல் அப்படியே ஆங்கில அறிவியல் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பாருக்குப் பெயர் வைத்தவர்கள் யார் என்று அட்டையில் தேடினால் கிடைக்காது.

ஆகவே கேட்க வேண்டியது, கொடுத்தால் நமக்கு என்ன திரும்பி வரும் என்பது. இதற்கு நார்வே மீனவர்கள் ஒரு வழி கண்டார்கள். டிரோண்ட்ஹெய்ம் நகரத்தில் ஓலெக்ஸ் என்ற நிறுவனம் படகுக்கான வரைபடக் கருவி செய்கிறது. படகு ஓட ஓட அது கடலடியை வரையும். தன் ஆழ அளவைப் பொதுவில் போடுகிறவருக்கு மற்றவர்கள் போட்டதும் சேர்ந்த பெரிய படம் கிடைக்கும். ஆழம் பொது, அவரவர் குறித்து வைத்த மீன் இடம் அவரவருடையது. வட அட்லாண்டிக்கில் இப்படிச் சேர்ந்த தரவு, பின்னால் ஆர்க்டிக் கடலின் அறிவியல் வரைபடத்துக்கே பயன்பட்டது. மீனவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டது முதலில் நடந்தது, விஞ்ஞானிகள் வந்து வாங்கிக்கொண்டது அப்புறம். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் ஆழத்தை மட்டும் கொடுத்தால் இடம் தெரியாது என்று நம்பிவிடக் கூடாது. பதிவாகும் தடத்தில் படகு எங்கே நின்று வட்டமடித்தது என்பதும் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு குறிப்பே வேண்டாம். அதனால் நான் சொல்வது: போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் மட்டும் லாகரை ஓடவிடுங்கள், தொழில் செய்யும் இடத்தில் அணையுங்கள். அன்றன்றைக்கு அனுப்பாமல் ஒரு பருவம் கழித்து மொத்தமாக அனுப்புங்கள்.

இழுவைமடி, அதாவது விசைப்படகு கடலடியை ஒட்டி இழுத்துப் போகும் வலை, விஷயத்தில் இரண்டு பேச்சு உண்டு. பார் இருக்கும் இடம் தெரிந்தால் மடி கிழியுமே என்று விசைப்படகு ஒதுங்கிப் போகும் என்பது ஒன்று. பாரின் ஓரம் வரை ஒட்டி இழுக்க அதுவே வழிகாட்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் வாழ்நாளெல்லாம் நாட்டுப்படகில் போனவர்கள் என்பதால் அதை லேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. பார் ஒரு படகுக்குச் சொந்தமில்லை. அதைப் படத்தில் போடுவதா வேண்டாமா என்பதை ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீனவர்களே முன்னின்று செய்த வேலை பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளை தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் என்ற அமைப்பு, மீனவர் சொல்லும் பார்களில் முக்குளித்துப் பார்த்து, அங்குள்ள உயிர்களையும் சேர்த்துப் பதிவு செய்கிறது.

அரசு ஒன்றும் சொல்லாதா?

சொல்லும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக்கடல், 200 வரை பொருளாதார மண்டலம். அதற்குள் கடலடியை அளப்பது பாதுகாப்போடு தொடர்புள்ள விஷயம் என்றே பல நாடுகள் பார்க்கின்றன. தன் கடலில் பொதுமக்கள் எடுத்த அளவை வெளியிடச் சம்மதமா என்று சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு ஒவ்வொரு நாட்டையும் கேட்டது. சம்மதித்த நாடுகளின் பட்டியல் வைத்திருக்கிறார்கள். சம்மதிக்காத நாட்டின் கடலிலிருந்து வரும் அளவைத் தரவு மையம் பொதுவில் காட்டாது.

இந்தியாவில் அதிகாரபூர்வக் கடல் வரைபடம் கடற்படையின் கீழ் டேராடூனில் இயங்கும் தேசிய நீர்ப்பரப்பியல் அலுவலகத்தின் பொறுப்பு. பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்ய அனுமதி வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டம் சொல்கிறது. படகில் வழி பார்க்க சவுண்டர் ஓட்டுவதும், பதிவைத் தொகுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. சங்கமாகச் சேர்ந்து முதலில் எழுத்தில் கேளுங்கள், பதில் வந்த பிறகு அனுப்புங்கள். இலங்கையிலும் இது சூடான விஷயம்தான். சீன ஆய்வுக் கப்பல்களின் வருகை சர்ச்சையானபோது, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாம் என்று 2024 முழுவதும் தடை போட்டார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்துப் படகு ஓட்டலாமா?

கூடாது. ஜெப்கோவே அப்படித்தான் சொல்கிறது. வழி பார்க்க அதிகாரபூர்வ வரைபடம்.

கரையில் இருக்கிறவருக்கு இதனால் என்ன லாபம்?

சுனாமி ஒன்றே போதும். சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர், ஏறக்குறைய விமான வேகம். 50 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் 80 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் போகும் பஸ். வேகம் குறையும்போது அலை உயர்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.28-க்கு, நாகப்பட்டினத்தில் அலை வந்தது ஒன்பது மணிவாக்கில். இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் எந்த ஊருக்கு எப்போது வரும், எவ்வளவு உயரத்தில் வரும் என்று கணிக்கிறது. எப்போது என்பதை ஆழக்கடல் வரைபடம் ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். எவ்வளவு உயரம், எந்தத் தெருவரை என்பது கரையோரத்துக் கடைசிச் சில கிலோமீட்டரின் மேடு பள்ளத்தில் இருக்கிறது. சின்னப் படகுகள் தினமும் போய்வரும் இடம் அதுதான்.

அப்புறம் கேபிள். 2020-ல் சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் அந்தமான் நிக்கோபாரின் வேறு சில தீவுகளுக்குமாக 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டார்களே, அதற்கும் முதல் வேலை போகும் வழியை அளப்பதுதான்.

சுரங்கக்காரர்களுக்கும் இது வசதியாகிவிடாதா?

ஆகும். எல்லாருக்கும் திறந்த படம் என்றால் அவர்களுக்கும் திறந்ததுதான். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக உருண்டைகளைத் தேட இந்தியாவுக்கே உரிமம் உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் அதற்கான கருவிகளை உருவாக்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சுரங்க நிறுவனம் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே காசு போட்டு, நம் படத்தை விடப் பல மடங்கு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கும். படமே இல்லாமல் வாதாட வேண்டியிருப்பது எதிர்த் தரப்புக்குத்தான். திறந்த படம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. அதனால் கவலை தீர்ந்தது என்று சொல்லவில்லை.

கடலடி மலைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

முன்மொழியலாம். பெயர்களுக்கென்று ஜெப்கோவில் ஒரு குழு இருக்கிறது, வடிவம் அளவோடு நிரூபணமாக வேண்டும். அரபிக் கடலில் சர் சி.வி. இராமன் பெயரில் ஒரு முகடு ஏற்கெனவே உண்டு. 2024-ல் இந்தியா முன்மொழிந்த அசோகா, சந்திரகுப்த், கல்பதரு மூன்றும் இந்தியப் பெருங்கடலில் ஏற்கப்பட்டன. பார்களின் பெயர்கள் வரிசையில் நிற்கவே இல்லை.

என்னிடம் படகில்லை. நான் என்ன செய்ய?

ஓபன்சீமேப் என்று ஒன்று இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் கடல் முகம் என்று சொல்லலாம். 2009-ல் தொடங்கியது. கலங்கரை விளக்கம், மிதவை, துறைமுகச் சுவர், தூண்டில் வளைவு, படகுத்துறை எல்லாம் அதில் குறிக்கலாம். நம் கரையில் பல மீனவ ஊர்கள் அதில் ஒரு கோடாகக்கூட இல்லை. இருக்கிற ஊர்களிலும் பெயர் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் தப்பாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்த இருபது கிலோமீட்டர் கரையைத் தமிழ்ப் பெயரோடு சரிசெய்தால் அது பெரிய வேலை. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்துக்கு ஒரு பெயர், அதன் இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர், அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், உங்களுக்கு டைப் செய்யக் கை வலிக்கும்.

2030-க்குள் முடிந்துவிடுமா?

முடியாது. 2024 ஜூனிலிருந்து 2025 ஜூன் வரை ஏறியது 1.2 சதவீதப் புள்ளி. அந்த ஓராண்டில் சேர்ந்தது 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், இந்தியத் துணைக்கண்டத்தின் பரப்பு. அப்படியும் இன்னும் 70 சதவீதத்துக்கு மேல் பாக்கி. ஆளில்லாப் படகுகள் வரத் தொடங்கியிருக்கின்றன, பூட்டி வைத்த கடற்படைத் தரவில் ஒரு பகுதி திறந்தால் ஒரே நாளில் எண் தாவும். இரண்டும் சேர்ந்தாலும் ஐந்தாண்டில் நூறு வராது. புதிய சதவீதத்தைப் பெரும்பாலும் ஜூன் 21, உலக நீர்ப்பரப்பியல் நாளை ஒட்டி அறிவிப்பார்கள். ஒன்றரைக்கு மேல் ஏறியிருந்தால் நல்ல ஆண்டு என்று நான் குறித்து வைத்துக்கொள்வேன்.